ரெண்டு துளையா, நாலு துளையா

…ரெண்டு துளைதான், ரெண்டு போதும், நாலு என்னத்துக்கு, நாலு துளை வெட்டினால் நாலு வால்வு, நாலு வால்வுக்கு நாலு தாங்கி, ஒன்று பழுதானால் மற்ற மூன்றையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், ரெண்டென்றால் ரெண்டோடு போயிற்று, என்று வெங்காயம் உரிக்கும்போதே விமலேஸ்வரி முடிவெடுத்திருந்தாள், மீன் குழம்பு கொதிக்கும்போதும் அதே முடிவுதான், சட்டியை இறக்கிவைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்து மேசையில் கிடந்த ஆறு கண்ணாடி றேடியோ வால்வுகளையும் பார்த்த உடனே முடிவு ஆட்டம் காணத் தொடங்கியது. நேரம் ஒன்றரை. திலீபன் நாலு மணிக்குக் கடையைப் பூட்டுவான், நாளைக்கு விடிய ஓமந்தைக்குப் போகிறான், ஏதோ கோயிலுக்கு இரும்புக் கேற் செய்கிற வேலை, ஒரு மாதம் இந்தப் பக்கம் தலைகாட்டமாட்டான், அலுமினியத்தில் வட்டமாகத் துளை வெட்டுகிற கருவி ஸ்கந்தபுரத்தில் அவனிடம் மட்டும்தான் இருக்கிறது. தகடு நேற்றே அவனிடம் போய்விட்டது. ஒரே ஒரு தகடு. வீட்டுத்திட்டம் ஒன்றின் பெயர்ப்பலகை அது, திட்டமும் முடிந்து, தந்தவர்களும் போய், பலகை மட்டும் வேலியோரம் வெயில் காய்ந்துகொண்டு நின்றது, கழற்றித் தேய்த்துப் பெட்டியாக மடித்துவைத்திருக்கிறாள், உள்பக்கத்தில் 'நன்கொடை' என்ற சொல்லில் பாதி இன்னமும் தெரிகிறது, தெரியட்டும், யார் பார்க்கப்போகிறார்கள். ஆனால் துளை விழுந்தால் விழுந்ததுதான், பிறகு மனம் மாறி ஓட்டையை அடைக்க முடியாது. "அக்கா, ரெண்டா நாலா, அதை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று காலையிலேயே கேட்டான். பின்னேரம் சொல்கிறேன் என்றாள். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவில் நின்று அல்லாடுவதா, வெட்கமாக இல்லையா?

இத்தனைக்கும் அவள் கட்டுவது ஒன்றும் ராக்கெற் இல்லை. இருபது வாட் சின்ன றேடியோப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம், பேசினால் குரல் முற்றத்துத் தென்னைக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் கட்டியிருக்கிற கம்பி வழியாக வானத்துக்குப் போகும், ஆனால் போன குரல் போனதுதான், யாருக்கும் கேட்பதாயில்லை, ஆகவே பெட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் ஓர் அம்பிளிபயர், இருபதை இருநூறாக்கித் தள்ளிவிடுகிற இன்னொரு பெட்டி, அதைத் தன் கையாலேயே கட்டுகிறாள், அவ்வளவுதான். அமெச்சூர் றேடியோ என்று பெயர், உலகத்தில் எத்தனையோ லட்சம் பேர் செய்கிற பொழுதுபோக்கு, கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பெண் செய்தால் மட்டும் அது பொழுதுபோக்கு இல்லை, விசாரணை. கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதிப் பாசான பிறகும் லைசன் கைக்கு வர ரெண்டு வருடமும் நாலு மாதமும் எடுத்தது, அதற்குள் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டார்கள், ஏன் உங்களுக்கு இது, யாரோடு கதைக்கப்போகிறீர்கள், யுத்தம் முடிகிற நேரம் எங்கே இருந்தீர்கள்… எங்கே இருந்தாளாம்! எல்லாரும் இருந்த இடத்தில்தான் இருந்தாள். அவளுக்கென்று ஓர் அழைப்புக்குறியோடு வந்த லைசனை லமினேற் பண்ணி, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், பிள்ளையாரைவிட ஓர் அங்குலம் உயரத்தில் ஆணியடித்து மாட்டினாள். அவளுடைய புருஷன் குலம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்கு மேல வைக்கலாமோ?" என்றார். "அவருக்கு லைசன் தேவையில்லை, எனக்குத் தேவை" என்றாள் இவள்.

பிறகு மோட்டார் சைக்கிளில் சிவில் உடுப்போடு ஒருவர் வந்தார், கம்பியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், உடுப்புக் காயப்போடுகிற கொடியா என்று கேட்டார், கேட்கும்போதே அவருக்குத் தெரியும் கொடியில்லையென்று. அவள் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, லைசனைக் காட்டி, "ஐயா, இது ஒளிச்சுக் கதைக்கிற சாமான் இல்லை, ஊருக்கே கேக்கத்தான் கதைக்கிறது, உங்களுக்கும் விருப்பமெண்டால் வீட்டில ஒரு றேடியோவை வைச்சுக் கேளுங்கோ, நல்லாக் கேளுங்கோ" என்றாள், அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். போனதென்னவோ சரி, ஆனால் அவர் கேட்டிருந்தாலும் என்னத்தைக் கேட்டிருப்பார்? எட்டு மாதம், ஒவ்வொரு பின்னேரமும் மூன்று மணிக்கு, நெல்லு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இந்த மேசையில் இருந்து கூப்பிடுகிறாள், எட்டு மாதத்தில் பதில் சொன்னவர்கள் ரெண்டே ரெண்டு பேர், ஒருவர் கொச்சிக்காரர், மற்றவர் மாலைதீவுக்கு விடுமுறையில் வந்த வெள்ளைக்காரர், ரெண்டு பேரும் அவள் வாய் மூட முன்னமே துள்ளி விழுந்து பதில் சொன்னவர்கள். மற்றப்படி இரைச்சல். சந்தையில் 'றேடியோ அக்கா, இண்டைக்கு ஆர் கதைச்சது, அமெரிக்காவோ?' என்று பகிடி பண்ணுகிறார்கள், பண்ணட்டும். இருபது வாட் போதாதென்றால் இருநூறு. இருநூறும் போதாதென்றால்… முதலில் இருநூறைப் பார்ப்போம்.

மேசையில் இடப்பக்கம் ரெண்டு, வலப்பக்கம் நாலு. பழைய காலத்து றேடியோக்களுக்குள் இருந்த அதே கண்ணாடி வால்வுதான், அளவு மட்டும் பெரிது. இப்போது ரான்சிஸ்ரரில் எல்லாம் கட்டலாம், ஆனால் ரான்சிஸ்ரர் ஒரு பிழைக்கே செத்துப்போகும், வால்வு பிழை பொறுக்கும், புதிதாகக் கட்டுகிறவளுக்குப் பிழை பொறுக்கிற சாமான்தான் வேண்டும். இடப்பக்கத்து ரெண்டும் நீர்கொழும்பில் இருக்கிற ஓய்வுபெற்ற கப்பல் றேடியோக்காரர் ஒருவர் பஞ்சில் சுற்றி அனுப்பியவை, 811 என்று இலக்கம், நல்ல கொழுத்த கத்தரிக்காய் அளவு, உச்சியில் ஒரு சின்னத் தொப்பி. வலப்பக்கத்து நாலும் பல்கேரியாவிலிருந்து பழைய பேப்பரில் சுற்றித் தபாலில் வந்தவை, ரஷ்யாக்காரன் ஒரு காலத்தில் பட்டாளத்துக்கென்று செய்தது, ஜி.யூ. ஐம்பது என்று பெயர், குட்டை, தடிப்பு, தலையில் சட்டி மூடிக்கு இருப்பதுபோல் ஒரு குமிழ், அதைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். அழகில் 811தான், சந்தேகமே இல்லை. மின்னைக் கொடுத்தால் கண் இமைக்கிற நேரத்தில் இழை பிடித்துவிடும், மேசையெல்லாம் வெளிச்சம், உடனே பேசலாம், நிறுத்தினால் உடனே அணையும். ஜி.யூ. ஐம்பது அப்படியில்லை, அதற்குள் இருக்கிற இழை தன்னைச் சுற்றியிருக்கிற ஒரு குழாயைச் சூடாக்க வேண்டும், குழாய் சூடேறிய பிறகுதான் வால்வு வேலைக்கு வரும், ஒரு நிமிடம், பழையதென்றால் ரெண்டு நிமிடம், அதுவரை அதற்கு முன்னால் பேசாமல் குந்தியிருக்க வேண்டும். ரெண்டு நிமிடம் என்ன பெரிய நேரமா, தேத்தண்ணிக்குத் தண்ணீர்கூடக் கொதிக்காது, ஆனால் நினைக்கவே அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. ஏன் வேர்க்க வேண்டும்? துளை கூட, வயர் கூட, நாலையும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்க்க வேண்டும், அதில் ஒன்று மட்டும் கூட இழுத்தால் அதன் தகடு சிவந்து செத்துப்போகும், என்று காரணங்களை அடுக்கினாள், காரணத்துக்கு என்ன பஞ்சம். 811 என்றால் சட்டென்று ஏறும், சட்டென்று அணையும், ஓர் அவசரத்துக்கு…

அவசரம் என்றதும் வீரகத்தி அண்ணர் வந்துவிடுவார். எப்போதும் அப்படித்தான், அழைக்காமலே வந்து மேசைக்குப் பக்கத்தில் நிற்பார், வலக்கையில் மூன்று விரலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு. அப்போது அவளுக்கு முப்பது வயது, நிவாரண நிறுவனம் ஒன்றின் றேடியோ அறையில் வேலை, அறை என்பது முதலில் கிளிநொச்சியில் ஒரு கல்வீடு, பிறகு தருமபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மூலை, பிறகு விசுவமடு, உடையார்கட்டு, கடைசியில் பங்கருக்குள் ஒரு பற்றரியும் ஒரு பெட்டியும். வீரகத்தி அண்ணர் பொறுப்பாளர், அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று, பத்துச் சொல்லுக்கு மேல் பேசக்கூடாது. இடம், ஆட்கள் எத்தனை, காயம் எத்தனை, என்ன மருந்து இல்லை, பத்துச் சொல்லுக்குள் வவுனியாவுக்குச் சொல்லிவிடு, சொல்லிவிட்டு மூன்று எண்ணு, மூன்றுக்குள் பதில் வந்தால் கேள், வராவிட்டால் அலைவரிசைக் குமிழைத் திருப்பு, பெட்டியை நிறுத்து, ஓடு. பேசுகிற இடத்தை ஆமிக்காரன் கண்டுபிடிப்பான் என்பார், கண்டுபிடித்தால் அடிப்பான் என்பார், அவள் பேசத் தொடங்கியதும் மூன்று விரலை நிமிர்த்துவார், பேசி முடித்ததும் ஒவ்வொன்றாக மடக்குவார், மூன்றாவது மடங்கும்போது அவள் கை தானாகக் குமிழைத் திருப்பியிருக்கும். பத்துச் சொல்லில் ஒரு சனத்தின் பாட்டைச் சொல்ல அவள் பழகிவிட்டாள், அழவும் கூடாது, அழுகை சொல்லுக்குள் அடங்காது. வீரகத்தி அண்ணர் சனம் கடைசியாய் ஒதுங்கிய மாத்தளன்வரை வரவில்லை. சரி, அதை இப்போது ஏன் நினைக்கிறாய், துளையை யோசி.

ரெண்டு மணிக்குக் கிட்டக் குலம் வயலால் வந்து சாப்பிட இருந்தார். காலில் சேறு, மனதில் வாய்க்கால் தண்ணீர், அக்கராயன் குளத்தில் கதவு திறந்து மூன்று நாளாகியும் தங்கள் துண்டுக்குத் தண்ணீர் எட்டவில்லையாம், அந்தக் கோபத்தையும் சேர்த்து மேசையிலிருந்த வால்வுகளைப் பார்த்தார். "இஞ்சரும், இருபதுக்கே ஒருத்தன் மோட்டார் சைக்கிளில வந்தவன். இருநூறு போட்டால் ஜீப்பிலயெல்லோ வருவாங்கள்." அவள் குழம்பை ஊற்றினாள். "வரட்டும், குடிக்கத் தேத்தண்ணி இருக்கு." "உமக்கு எல்லாம் பகிடி." "பகிடி இல்லையப்பா. லைசனில எவ்வளவு போடலாமெண்டு எழுதியிருக்கோ அவ்வளவும் போடுவன், ஒரு வாட் கூடப் போடன், ஒரு வாட் குறையவும் போடன்." அவர் மீன் முள்ளை ஒதுக்கிவைத்துவிட்டு, "ஆர் கேக்கோணுமெண்டு உப்பிடிக் கத்தப்போறீர்?" என்றார், கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். யார் கேட்க வேண்டும்? யாரென்றாலும் சரி, ஒருவன் கேட்டால் போதும், கேட்டேன் என்று சொன்னால் போதும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம், இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது, கோபம்தான் வந்தது. மோரை வைத்துவிட்டுப் போனாள். அவர் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிவைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் வாய்க்காலுக்குப் போனார்.

சரி, முடிவு ரெண்டு. ஆனால் பல்கேரியாவில் இருந்து வந்த நாலும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்காமல் பெட்டிக்குள் திரும்பப் போடுவது சாமானுக்கு மரியாதையில்லை, ஒருதரம் இழையைப் பிடிக்கவைத்துப் பார்த்துவிட்டுச் சுற்றிவைப்போம். லான்ட்மாஸ்ரர் உழவு மிசினின் பற்றரியை இழுத்து மேசைக்குக் கீழே வைத்தாள், பன்னிரண்டு வோல்ற், ஜி.யூ. ஐம்பதுக்கு அது பொருந்தும், கவ்வுகிற கிளிப் ரெண்டும் உடைந்துபோனதால் ரெண்டு வயரையும் கையாலேயே வால்வின் காலோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்க முன்னர் போனைப் பார்த்தாள். மகள் யதுர்ஷிகா, வவுனியாவில் படிக்கிறவள், நேற்று இரவு ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தாள், "அம்மா, இந்தியாக் கரையில ஒரு றேடியோவை ஆரோ இன்ரநெற்றில திறந்து விட்டிருக்கினம், ஆரும் கேக்கலாம், நீங்கள் மூண்டு மணிக்குக் கூப்பிட்டதை நான் அதில கேட்டுப் பதிஞ்சனான், முழுக்கக் கேளுங்கோ என்ன." இரவே கேட்டாள், தன் குரல் கடலுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்ததைக் கேட்க உடம்பு புல்லரித்தது, மெல்லியதாகத்தான் இருந்தது, பார்த்தாயா, சத்தம் போதாது, நான் சொன்னேனே, என்று தன் குரல் முடிந்ததும் நிறுத்திவிட்டுப் படுத்தாள். இன்னொருதரம் கேட்போம் என்று ஆசை. முழங்கையால் போனைத் தட்டிவிட்டு ரெண்டு வயரையும் முதலாவது வால்வின் கால்களோடு அழுத்திப் பிடித்தாள்.

இழை மெல்லச் சிவந்தது. மிகவும் மெல்ல, அடியில் ஒரு பொட்டு, பொறு என்று சொல்வதுபோல. போனில் அவளுடைய குரல், யாராவது கேட்கிறீர்களா, யாராவது கேட்கிறீர்களா, அழைப்புக்குறி, ஸ்கந்தபுரம், வன்னி, அழைப்புக்குறி, முடிந்தது, கேட்கிறேன். பத்துச் சொல். அவள் எண்ணாமலே தெரிந்தது, பத்து. பிறகு இரைச்சல். போனை நிறுத்தக் கை உன்னியது, எழ முடியவில்லை, ரெண்டு கையிலும் வயர், விட்டால் திரும்பவும் முதலில் இருந்து சூடேற்ற வேண்டும், இருக்கட்டும், இரைச்சல்தானே, ஓடட்டும். வால்வுக்குள் செம்மை ஒரு விரல் உயரம் ஏறியது. ஐந்தாறு விநாடி இருக்கும். இரைச்சலுக்குள் இருந்து ஓர் ஆண்குரல், இந்தியத் தமிழ், "கூப்பிட்ட அம்மாவுக்கு வணக்கம், தூத்துக்குடியிலேருந்து செல்வின் பேசுறேன், உங்க குரல் ரொம்ப நல்லா, தெளிவா கேக்குது, வாங்க" என்றது. அவளுக்கு முதலில் விளங்கவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். இரைச்சல். "அம்மா, இருக்கீங்களா? வன்னியிலேருந்து கூப்பிட்ட அம்மா, இருக்கீங்களா?" இரைச்சல். இன்னொரு குரல், கொஞ்சம் வயதான குரல், "விடுங்க செல்வின், அவங்க அப்படித்தான், எட்டு மாசமா பாக்குறேன், கூப்பிடுவாங்க, நாம பதில் சொல்றதுக்குள்ள ஆளைக் காணோம்." "அதுக்குள்ள எங்க சார் போயிடுறாங்க?" "யாருக்குத் தெரியும். பாவம், நம்ம குரல் அவங்களுக்குக் கேக்கலையோ என்னவோ." பிறகு செல்வின் என்பவன் வெட்டவெளியைப் பார்த்துச் சொன்னான், "அம்மா, ஒருவேளை கேட்டுக்கிட்டிருந்தா சொல்றேன், நாளைக்கும் மூணு மணிக்கு இதே இடத்துலதான் இருப்பேன், கொஞ்சம் பொறுத்துப் போங்க." பதிவு முடிந்தது. வால்வு முழுக்கச் சூடேறியிருந்தது, விரல் நுனியில் வயர் சுட்டது, அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை.

எங்கே போயிடுறாங்க. எங்கே போனாள்? இங்கேதான் இருந்தாள், இதே கதிரையில், கூப்பிட்டுவிட்டு ஒன்று, ரெண்டு, மூன்று, குமிழைத் திருப்பிவிட்டு அலைவரிசையில் வேறு இடத்தில் போய் நின்று அங்கேயும் இரைச்சலைக் கேட்டுவிட்டு, ஒருவரும் இல்லையென்று பெட்டியை நிறுத்திவிட்டு எழும்பிப் போய் முற்றம் கூட்டினாள். எட்டு மாதம். குரல் போதாது, குரல் போதாது என்று ரான்ஸ்போமர் சுற்றி, தகடு தேய்த்து, பல்கேரியாவரை சாமான் தேடி, சந்தையில் பகிடி வாங்கி… குரல் போதாமல் இல்லையாம், ரொம்ப நல்லாக் கேட்குதாம். கோபத்தில் அவளுக்குக் காது அடைத்தது. யார்மேல் கோபப்படுவது? வீரகத்தி அண்ணர்மேலா, செத்த மனிதர்மேலா? படுவேன், ஏன் படக்கூடாது, பதினாறு வருடமாக என் மேசைக்குப் பக்கத்தில் நின்று விரலை மடக்குகிறீர்களே அண்ணை, அப்போது மடக்கினது சரி, இப்போது யார் அடிக்கிறான்? அப்போதும் சரிதானா? மூன்றுக்குள் நிறுத்தியபடியால்தான் நாங்கள் தப்பினோமா? பேசாமல் இருந்த வீட்டுக்கும் ஷெல் விழுந்ததே, றேடியோ என்றால் என்னவென்றே தெரியாத சனம் கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்திலும் விழுந்ததே, அந்தப் பிள்ளைகள் எத்தனை சொல் பேசினார்கள்?

வவுனியாப் பக்கத்தில் அவளுடைய பத்துச் சொல்லையும் எழுதிக்கொண்டவள் மேனுகா என்கிற சின்னப் பெட்டை, முகம் தெரியாது, குரல் மட்டும். கடைசி நாள் இவள் சொல்லி முடித்து விரல் மூன்றும் மடங்குகிற நேரம் மேனுகா அவசரமாக, "விமலாக்கா, நில்லுங்கோ, இன்னொண்டு" என்றாள். இன்னொண்டு. அதற்குள் கை குமிழைத் திருப்பிவிட்டது. அன்று பின்னேரமே அந்த இடத்தைவிட்டு எல்லாரும் ஓடினார்கள், பெட்டி பங்கருக்குள்ளேயே கிடந்துபோயிற்று. என்ன இன்னொண்டு? மருந்து வருகுதென்றா, கப்பல் வருகுதென்றா, யாரோ உயிரோடு இருக்கிறார் என்றா? முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்த மாதமெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மற்றதைத் தானே செய்து செய்து பார்த்தாள். எட்டு வருடம் கழித்து வவுனியா பஸ் நிலையத்தில் ஒருத்தி பிள்ளையோடு நின்று யாரோடோ போனில் கதைக்க, குரலை வைத்தே பிடித்துவிட்டாள், மேனுகாவேதான், கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அவள் நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி யோசித்துவிட்டு, "நான் அப்பிடிச் சொன்னனானோ அக்கா? எனக்கு ஞாபகமே இல்லை, சாப்பிட்டியளோ எண்டு கேக்க நினைச்சனோ தெரியாது" என்றாள், சொல்லிவிட்டு அவளே அழுதாள், பஸ் வந்துவிட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்க நினைத்தாளோ தெரியாது. விமலேஸ்வரி அப்போது சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள், இப்போது சிரிப்பு வரவில்லை.

இடப்பக்கத்து ரெண்டையும் பார்த்தாள். சட்டென்று ஏறும், சட்டென்று அணையும். அழகாம், துளை குறைவாம், வயர் குறைவாம்… பொய்க்காரி. ஓடுவதற்கு வசதியான வால்வாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாய், அதுதான் உண்மை, சொந்த வீட்டில், சுவரில் லைசன் தொங்க, பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்க, எழும்பி ஓட ஆயத்தமாக இருக்கிறாய். போன் அடித்தது, திலீபன். பின்னால் அரைக்கிற சத்தம். "அக்கா, ரெண்டரை தாண்டிட்டுது, மிசினைக் கழட்டப்போறன், ரெண்டா நாலா?" "நாலு." "நாலோ? காலம ரெண்டெண்டமாதிரிக் கிடந்தது." "நாலெண்டு சொல்லுறன் தம்பி, நல்லா வடிவா வெட்டு." "கடையில என்னோட நிக்கிற ஜனகன் சொன்னவன், உங்களுக்குச் சின்ன அம்பிளிபயரே காணுமாம், பெரிசு போட்டால் வீண் பிரச்சினையாம்…" "காணும்தான்" என்றாள் அவள், "இப்பவே நல்லாக் கேக்குதாம், தூத்துக்குடியில சொல்லுறாங்கள். கேக்குதெண்டு தெரிஞ்ச பிறகு கொஞ்சம் உரத்துக் கதைச்சால் என்ன? நாலு வெட்டு." அவனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, ஓம் அக்கா என்று வைத்துவிட்டான். அவள் நீர்கொழும்புக்காரரின் ரெண்டு வால்வையும் பஞ்சில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள். நாலு நிற்கும், இந்த மேசையில் நாலு நிற்கும், அவை சூடேறும்வரை அவள் குந்தியிருப்பாள், ரெண்டு நிமிடமென்றால் ரெண்டு நிமிடம், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வருகிறவன் வந்து பார்க்கட்டும்.

ஆனால் அது அடுத்த மாதத்துக் கதை, இப்போது மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். இருபது வாட் பெட்டியைப் போட்டாள், நேற்றைய இடத்துக்குக் குமிழைக் கொண்டுவந்தாள், வீதிப்பக்க யன்னலையும் தள்ளித் திறந்தாள். வலக்கையை என்ன செய்வது? அதை நம்ப ஏலாது, அது அவளைக் கேட்காமலே குமிழுக்குப் போய்விடும், தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் பாரத்தைப் போட்டுக் குந்தினாள், இடக்கையில் மைக். மணி மூன்று. யாராவது கேட்கிறீர்களா, யாராவது கேட்கிறீர்களா, அழைப்புக்குறி, ஸ்கந்தபுரம், வன்னி… பத்துச் சொல். பதிலைக் கேட்க மைக் பொத்தானில் இருந்து விரலை எடுத்தாள். ஒன்று. இரைச்சல். ரெண்டு. வீரகத்தி அண்ணர் பக்கத்தில்தான் நிற்கிறார், நில்லுங்கள் அண்ணை, நின்று நீங்களும் கேளுங்கள். மூன்று. தொடைக்குக் கீழே கை துடித்தது, கோழியைப் பிடித்து அமுக்கினதுபோல, அமுக்கினாள். நாலு. இந்த இலக்கத்துக்கு அவள் முன்னே பின்னே வந்ததில்லை. யாரும் இல்லை, பார், ஒருவருமில்லை… ஐந்து. வீதியால் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிற சத்தம், வேகம் குறைகிறதா, குறையட்டும். ஆறு. மோட்டார் சைக்கிள் போய்விட்டது. இரைச்சலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், யாரோ மூச்சை இழுக்கிறான், "அம்மா! இருக்கீங்களா, போயிடாதீங்க, செல்வின் பேசுறேன், நாலு பேர் காத்துக்கிட்டிருக்கோம், சொல்லுங்க, எப்படி இருக்கீங்க, என்ன பண்றீங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவன் விட்டுக்கொடுத்தான். இனி அவளுடைய முறை. மைக்கை அழுத்தினாள், வாயைத் திறந்தாள், பழைய பத்துச் சொல்லும் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன, இடம், ஆட்கள், காயம், மருந்து… அவன் அதைக் கேட்கவில்லையே, எப்படி இருக்கிறீர்கள் என்றல்லவா கேட்கிறான். பதினோராவது சொல் என்னவென்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் யோசித்துப் பார்த்ததில்லை. அழுத்திய விரலை அவள் எடுக்கவில்லை.